குமான்கள் தமிழர்கள் அல்லர்

1

இந்த மாதிரிக் கதைகளில், கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டுமாம். சரி. இது கோபத்தில் பிறந்தது. அதற்கு மேல் பூர்வீகம் கேட்காதீர்கள்.

ஜார்ஜ்டவுனில் யாரைச் சந்தித்தாலும் அதுதான் முதல் விசாரணை: நீங்கள் எந்த ஊர்? பினாங்கு என்று சொன்னால் விடமாட்டார்கள். இல்லை, அதற்கு முன்னால்? அந்த 'முன்னால்' எத்தனை தலைமுறை போனாலும் தீராது. எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் தலைப்பிலேயே கதையின் உண்மையைப் போட்டுப் பூட்டிவிட்டேன். யாராவது உள்ளே கைவைப்பார்கள் என்ற பயம். பயத்துக்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மஹ்பூபாவின் பூட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குத் துறைமுகத்தில் கால்

அடித்துவிட்டேன். கதாநாயகியின் பெயர் ஷர்மினி என்றிருந்தால் அவள் பூட்டனாரைப் போய் எழுப்பியிருப்பேனா? காலையில் அவள் என்ன பசியாறினாள் என்று ஆரம்பித்திருப்பேன். மஹ்பூபா என்றதும் பேனா தானாகக் கப்பலுக்கு ஓடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: மஹ்பூபா தமிழ் முஸ்லிம்தான், ஆனாலும் அவள் தமிழைக் கேட்டால்

இதையும் அடித்தேன். அந்த 'ஆனாலும்' யார் வீட்டுச் சொத்து? அவளுக்குச் சான்றிதழ் எழுத நான் யார்?

மூன்றாவது நிற்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை காலை, சுங்கை பினாங்கில் ஒரு மண்டபத்தின் வாசலில், இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியை மஹ்பூபா தமிழர் வரலாற்று விழா மலரைப் பிரித்துத் தன் கட்டுரையின் கடைசி வரியைப் படித்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

3

கட்டுரை குமான்களைப் பற்றியது. (தெரியாதவர்களுக்கு: சோழர் கப்பல்கள் நம் பக்கத்துக் கடாரத்துக்கு வந்த அதே நூற்றாண்டில், கருங்கடலுக்கு வடக்கே பரந்த புல்வெளியில் தலையெடுத்த குதிரைக்கூட்டம். இரண்டு நூற்றாண்டு ஆட்டிப்படைத்தார்கள். பிறகு மங்கோலியர் வந்து அடித்ததில் சிதறினார்கள்.)

ஊரில் இத்தனை பேர் இருக்க இவர்களை ஏன் பிடித்தாள்? இவர்களுக்கு அக்கம்பக்கத்தார் எல்லாரும் பெயர் வைத்தார்கள் என்பதற்காக. ருஷ்யர் ஒரு பெயர், ஜெர்மானியர் ஒரு பெயர், ஆர்மீனியர் ஒரு பெயர். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்: வெளிறியவர்கள். முடியா, தோலா, ஏறி வந்த குதிரையா, எது வெளிறியது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. சீனாவின் வடக்கு ஓரத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தார்கள் என்று ஒரு கட்சி. வழியில் சேர்ந்த பல கூட்டங்களின் கலப்பு என்று இன்னொரு கட்சி. தங்களைப் பற்றி அவர்களே எழுதிய வரலாறு கிடையாது. இரு கைகளாலும் வயிற்றருகே கிண்ணம் பிடித்த கற்சிலைகளைப் புல்வெளியில் நட்டுவிட்டுப் போனார்கள். சிதறியவர்களில் சிலர் அடிமைகளாக எகிப்துக்கு விற்கப்பட்டு அங்கே அரியணையே ஏறினார்கள். ஹங்கேரியில் ஒதுங்கியவர்களின் மொழி செத்துப்போனது. செத்த பிறகும் அங்கே பிள்ளைகள் அந்த மொழியில் ஒரு பிரார்த்தனையை அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இதை எழுதிய அன்று மஹ்பூபா அழுதாள். கணவன் ஹைதர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு மௌத்து?" என்று கேட்டான். "ஒரு பாஷை" என்றாள்.

கட்டுரையை இப்படி முடித்திருந்தாள்: 'இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.'

மலரில் அது இல்லை. அந்த இடத்தில் இருந்தது இது: 'ஆகவே, குமான்கள் தமிழினத்தின் தொலைந்துபோன கிளையே என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது.' கீழே அவள் பெயர். பெயருக்குக் கீழே அவள் படம், முக்காடும் சிரிப்புமாக.

4

வரலாற்று மன்றத்தின் தலைவர் சந்திரசேகரன் கரிபாப் பலகாரத் தட்டோடு எதிரே வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

"டீச்சர், பசியாறிட்டீங்களா? எடுத்துக்கங்க, சூடா இருக்கு."

"அண்ணே, இந்தக் கடைசி வரி நான் எழுதலையே."

"அட, ஒரு வரிதானே லா. தெரியாது தெரியாதுன்னு முடிச்சா கட்டுரை எப்படி நிக்கும்? நம்ம பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் பெருமையா இருக்கட்டும்."

"ஆதாரம் என்னா அண்ணே?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, கல்லு நட்டாங்கன்னு. நம்ம நடுகல்லு?"

"செத்தவங்களுக்குக் கல்லு நடாத ஊரு எது அண்ணே? நான் மேடையில திருத்திதான் படிப்பேன்."

சந்திரசேகரன் தட்டை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"டீச்சர், கமிட்டியில ஏற்கனவே கேட்டாங்க, தமிழர் வரலாற்று விழாவுல மாமாக் பொண்ணுக்கு என்னா வேலைன்னு. நாந்தான் சண்டை போட்டு இடம் வாங்கினேன். இப்ப நீங்களே போயி அவங்க தமிழர் இல்லன்னு சொன்னா... உங்க ஆளுங்களுக்கு அந்தத் தமிழ் உணர்வு கொஞ்சம்..."

(மாமாக்: தமிழ் முஸ்லிம்களுக்கு இங்கே மற்றவர்கள் வைத்த பெயர்.) வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களை யாரும் முடிப்பதில்லை.*

"எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி, எங்கேயோ குதிரை மேல போனவன் தமிழன்" என்றாள் மஹ்பூபா. "நான் இந்தா, பக்கத்து ஜெலுத்தோங் அண்ணே. பஸ்ஸுல வந்தேன்."

* மறுபக்கத்திலும் ஆள் உண்டு. மஹ்பூபாவின் மாமி மகள் நோர்மா அவளிடம் சொல்வாள்: "நீ ஏண்டி அங்க போயி நிக்கிற? நாங்க மலாய்க்காரவங்களாவே ஆயிட்டோம், நிம்மதியா இருக்கோம் லா. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?" யாரும் பிடித்து வைக்கவில்லை நோர்மா. அவள் அங்கேயேதான் இருக்கிறாள்.

5

இங்கே நிறுத்திவிட்டு ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். சந்திரசேகரன் மிக எளிதாகக் கெட்டவராகிவிட்டார் என்று தோன்றியது. திட்டுவதற்கு வசதியாக ஒரு ஆளைச் செய்துகொண்டு திட்டுவது என்ன எழுத்து? ஆகவே அவருக்கு ஒரு பள்ளிக்காலம் கொடுத்தேன். அங்கே ஒருவன் தினமும் அவர் முகத்துக்கு நேரே, உன் நாட்டுக்குத் திரும்பிப் போடா என்றான். அப்பா லாரி ஓட்டியவர், பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழம் ஏற்றுவார். அப்பாவுக்கு முன்னால் யார் என்று சந்திரசேகரனுக்குத் தெரியாது. பெரிய பாட்டன்மார் தேவைப்பட்டார்கள், புல்வெளி நிறைய, குதிரையோடு.

புரிகிறது. புரிந்துகொண்டால் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடிவிட்டது. அந்த அடி எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர், அதே அடியை ஒரு தட்டுக் கரிபாப்போடு கொண்டுவந்து கொடுக்கிறார்.

6

இனி முடிவு. மேடைக்கு அழைத்துவிட்டார்கள். மஹ்பூபா ஒலிபெருக்கியை இரு கைகளாலும் வயிற்றருகே பிடித்தபடி, கிண்ணம் ஏந்திய அந்தக்

(வேண்டாம். அவள் கல் இல்லை.)

முடிவு ஒன்று: அச்சிட்டபடியே படிக்கிறாள். கைதட்டல், பொன்னாடை. மலர் பள்ளி நூலகங்களுக்குப் போகிறது. அவளுடைய மாணவி ஒருத்தியே பரீட்சையில் அதை எழுதுகிறாள், டீச்சர் பெயரை ஆதாரமாகக் காட்டி.

முடிவு இரண்டு: ஒன்றும் பேசாமல் இறங்கி ஜெலுத்தோங் பஸ் ஏறுகிறாள். அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குமான்களுக்கு நடந்ததும் அதுதான்.

முடிவு மூன்று: நானே ஒரு நல்ல வசனம் எழுதி அவள் வாயில் வைக்கிறேன், மண்டபமே எழுந்து நிற்கும்படி. எழுதியும் பார்த்தேன், அழகாக வந்தது. பிறகுதான் உறைத்தது: அவள் பெயருக்கு மேல் கடைசி வரியைச் சொருகுகிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். நானும் அக்கம்பக்கத்து ஆள்தான், பெயர் வைக்கிறவன். கிழித்துப் போட்டேன்.

அப்படியானால் அவள் என்னதான் சொன்னாள்? அதில் எனக்கு எப்போதும் சந்தேகமே இருந்ததில்லை. "மலர்ல என் கடைசி வரி தப்பா வந்திருக்கு. நான் எழுதினதப் படிக்கிறேன்" என்றாள். மூன்றாம் பகுதியில் நீங்கள் பார்த்த அந்த வரியை, ஒரு சொல் மாற்றாமல் படித்தாள். பிறகு, "குமான்கள் தமிழர்கள் அல்லர்" என்று சேர்த்துச் சொன்னாள். தலைப்பு அவளுடையது, என்னுடையது அல்ல.

அவள் கதை முடிந்தது. முடியாதது மண்டபத்தின் கதை. மின்விசிறிகள் ஓடுகின்றன. சந்திரசேகரன் தலை குனிந்து மலரைப் புரட்டுகிறார். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. பின்வரிசையில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், உங்களைத் தம் ஆள் என்று நினைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்து, காதருகே குனிகிறார்.

"பாய் வீட்டுப் பொண்ணுதானே, அதுக்கு எங்க..."

வாக்கியம் பாதியில் நிற்கிறது. நான் இதுவரை எத்தனையோ அடித்தேன். அதை மட்டும் இங்கிருந்து என்னால் அடிக்க முடியாது. அவர் உட்கார்ந்திருப்பது உங்கள் பக்கத்தில்.