கேணியடியின் முதல் தெரிவு

"ஒரு பெட்டைக்கு ரெண்டு மாப்பிள்ளை கேட்ட தேப்பனை நான் இப்பதான் காணுறன்." சந்திரவதனாவின் குரல், நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்களும் வேலையை விட்டுவிட்டுக் காதுகொடுக்கும் உயரத்துக்கு ஏறிவிட்டிருந்தது.

"நான் மாப்பிள்ளை கேக்கேல்லை. ஃபுட்போல் ரீமுக்கு ஆள் பாத்தனான்." கணவர் தியாகலிங்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரீமுக்கு ஆள் பாக்கிறவர் பொடியன் குடிக்கிறவனோ, நிரந்தர வேலையோ, கலியாணம் ஏதும் பேசியிருக்கோ எண்டெல்லாம் கேப்பாரோ?"

"பின்னைக் கேக்காமல்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. கேணியடி விளையாட்டுக் கழகம் ஒரு காலத்தில் கேணியடி ஊரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த ஆட்களின் பிள்ளைகள் மட்டும் ஆடுகிற உதைபந்தாட்ட அணியாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பந்தைவிடப் பெரிய வேலைகள் வந்து, எல்லா ஊர்க் கழகங்களுக்கும் ஆள் தட்டுப்பாடாகிப்போனதில், ஸ்காபரோவில் எல்லோரும் கூடி ஒரு விதி செய்தார்கள். விளையாட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கவேண்டும். பனி கரைந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழகங்கள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. கடைசியாக வருவதில் கேணியடிக்குப் பழுத்த அனுபவம். ஆனால் முதலில் எடுத்த எவனும் நிலைக்கவில்லை. ஒருவன் பாதிப் பருவத்தில் கலியாணம் முடித்து எட்மன்டனுக்குப் போய்விட்டான். இன்னொருவன் வெள்ளிக்கிழமைப் பார்ட்டியிலிருந்து நேரே சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து, கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பழி முழுக்கத் தலைவர் செல்வரட்ணத்தின் தலையில் விழுந்தது. இந்த முறை அவர் விவரமாக நடந்துகொண்டார். "அண்ணை, இந்த ரீமிலை உங்களைப்போல உயிரை வைச்சிருக்கிற ஆள் ஆர்? நீங்களே எடுங்கோ."

தியாகலிங்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பந்தை உருப்படியாக உதைத்ததாக அவரே சொல்லிக்கொண்டது கிடையாது. ஆனால் கேணியடி ஆடும் நாளில் கோல் வலைக்குப் பின்னால் நின்று மத்தியஸ்தரின் பரம்பரையையே விசாரிக்கிற தொண்டை அவருடையது. சாவதற்குள் ஒருமுறை கேணியடி கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். முதல் தெரிவு கைக்கு வந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் பஸ்ஸைச் சூடாக்கும்போது கீதன்தான் என்று முடிவாகிவிடும். முன்வரிசையில் அவன் ஓடினால் துரத்துகிறவனுக்கு மூச்சு முட்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கோல் வாசல் கதவில்லாத வீடுமாதிரிக் கிடக்க முன்வரிசையை வைத்து என்ன செய்ய, கோல்கீப்பர் பிரியந்தன்தான் என்று தோன்றும். அடுத்த சிவப்பு விளக்கில் மறுபடி கீதன்.

ஆகவே விசாரித்தார். மீன்கடையில் விசாரித்தார், சலூனில் விசாரித்தார், கடைசியில் இரண்டு தாய்மாரிடமே போனார். இருபத்தேழு வயதில் கலியாணமாகாத மகளை வீட்டில் வைத்திருக்கிற தகப்பன் இப்படி வந்து கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கீதனின் தாய், "எங்களுக்குச் சீதனம் கீதனம் ஒண்டும் வேண்டாம்," என்று சொன்னபோதுகூட, நல்ல குடும்பம் என்றுதான் நினைத்துக்கொண்டார். பிரியந்தனின் தாய் கேசரியும் பட்டமளிப்புப் படமும் கொண்டுவந்து வைத்தா. அவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "தோள்மூட்டு எப்பிடி, நோவொண்டும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு வந்தார். இரண்டு தாய்மாரும் வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில் சந்தித்தார்கள். ஒருவர் மகனுக்கு நல்ல இடம் வந்திருக்கு என்றா. மற்றவர், எங்களுக்கும்தான், எந்த இடம் என்று கேட்டா. சந்திரவதனா கோயிலிலிருந்து வீடு வந்து சேருமுன்பே கதை பக்கத்து வோபர்ன் பகுதியையும் தாண்டிப் போய்விட்டது.

ஞாயிறன்று அவரைக் காரில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனது மகள் நிரோஷினி. சத்தம் போடுவாள் என்று பயந்துகொண்டிருந்தார். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"கீதன்ரை கால் எப்ப உளுக்கினது, அப்பா?"

"போன ஒகஸ்ட். லோங் வீக்கெண்ட். இடது கால்."

"நான் எங்க வேர்க் பண்ணுறன்?"

"என்ன கேள்வி? மாக்கம் ரோட் மருந்துக்கடையிலை."

"அதை விட்டு ஒரு வருசமாகப்போகுது."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஒரு பிளாசா போய் இன்னொரு பிளாசா வந்தது.

"ஹலிஃபாக்ஸில ஒரு ஹொஸ்பிட்டல்ல ஜொப் தந்திருக்கினம். ஓம் சொல்லுறதோ எண்டு இன்னும் டிசைட் பண்ணேல்லை," என்றாள்.

அங்கே தமிழ் லீக் இல்லையே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நல்லகாலம், வாயால் வரவில்லை.

"யாரையெண்டாலும் எடுங்கோ. எனக்கெண்டு மட்டும் எடுக்காதேங்கோ. ஓகே?"

அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்து மண்டபம். எந்தக் காலத்திலும் இந்தத் தெரிவுக்கு ஐம்பது பேருக்குமேல் வந்ததில்லை. அன்று கதிரை போதவில்லை. உதைபந்தாட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாத பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கீதனின் தாயும் பிரியந்தனின் தாயும் பட்டுச்சீலையில், நடுவில் இரண்டு பேரை இருத்தி.

செல்வரட்ணம் மைக்கைக் கொடுக்கும்போது காதுக்குள் சொன்னார். "அண்ணை, ரெண்டு பேரையும் விட்டிட்டு மிதுனனை எடுங்கோ. சனத்தின்ரை வாய் மூடிடும்."

மிதுனன் தங்கமான பொடியன். பந்து இல்லாத இடமாகப் பார்த்து ஓடுகிறவன். அவனை எடுத்தால் மகளுக்குப் பேச்சு வராது. கேணியடிக்குக் கிண்ணமும் வராது. அவர் கீதனைப் பார்த்தார், அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பிரியந்தன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் பக்கம் நிரோஷினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மண்டபம் வடையைக்கூடக் கடிக்காமல் காத்திருந்தது.

"கேணியடிக்கு வேண்டியது கோல்கீப்பர்," என்றார் தியாகலிங்கம். "பிரியந்தன்." பிரியந்தனின் தாய் நிமிர்ந்து உட்கார்ந்தா. அதைக் கண்டதும் மனிதருக்குப் பதற்றமாகிவிட்டது. "இது விளையாட்டுக்கு மட்டும். என்ரை மகளுக்கு நான் ஒருத்தரையும் பாக்கேல்லை. அவ ஹலிஃபாக்ஸுக்கு வேலைக்குப் போறா. முடிவாச்சு."

மைக் நன்றாகவே வேலை செய்தது. கார் தரிப்பிடத்தில் புகைத்துக்கொண்டு நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. வீட்டில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்த சந்திரவதனாவுக்கு, அவர் மேடையை விட்டு இறங்குமுன்பே மூன்று பேர் போன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அவர் வாசலைப் பார்த்தபோது நிரோஷினி அங்கே இல்லை. வெளியில் காருக்குள் இருந்தாள், எஞ்சினைப் போட்டபடி.

"நான் இன்னும் ஓம் சொல்லேல்லை, அப்பா," என்றாள்.

கீதனை அடுத்த கழகம் கொத்திக்கொண்டு போனது. கேணியடிக்கு எதிராக அவன் கோல் அடித்த நாளில் அவனுடைய தாய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தா. அவன் இலையுதிர்காலத்தில் மொன்றியல் பெண்ணை முடித்து அங்கேயே போய்விட்டான். பிரியந்தன் கோடை முழுவதும் மதில்மாதிரி நின்றான். கேணியடி நாலாவதாக வந்தது, அந்த அணிக்கு அது திருவிழா. பிறகு அவன் வேலையிடத்தில் நெடுநாளாகப் பழகிய சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து ஒஷாவாவில் குடியேறினான். எல்லாம் விசாரித்த தியாகலிங்கம் இதையும் தாயிடம்தான் விசாரித்திருந்தார். பாவம், தாய்க்கே தெரியாது. நிரோஷினி செப்டெம்பரில் ஹலிஃபாக்ஸ் போனாள். விருப்பத்தோடு போனாளா, மைக்கில் சொன்னதற்காகப் போனாளா என்று ஸ்காபரோவில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் தியாகலிங்கம் வழக்கம்போல வலைக்குப் பின்னால்தான் நின்றார். ஆனால் முதுகு மைதானத்துக்கு, போன் காதில். "அங்கை குளிரோ? ஆரோடை வேலை? பக்கத்து வீட்டுச் சனம் எப்பிடி?" மறுபக்கம் என்ன பதில் வந்ததென்று அருகில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் முயலாமல் இல்லை. பந்து வந்து வலையை அவருடைய முதுகுவரை தள்ளிவிட்டு விழுந்தது. அவர் தோளால் வலையை விலக்கிக்கொண்டு, மற்றக் காதைப் பொத்தினார்.