கேபிளை மட்டும் முறுக்கியவன்

பண்ணைக்காரன் டூவேயின் கொட்டகையில் குளிர்காலம் முழுக்க ஒரு பக்கம் மாடுகளும், மறுபக்கம் சுற்றுலாவுக்குக் காரில் பூட்டி இழுத்துப் போகும் கேரவன்களும் தூங்கும். ஏப்ரல் பிறந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து, வண்டியை வாசலுக்குத் தள்ளி, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக் குந்திவிடுவார்கள். இதற்கென்று ஆளில்லையா என்று யாராவது கேட்டுவிட்டால், நெதர்லாந்தின் வடக்கு மூலையிலிருக்கும் இந்த ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். தன் வண்டியின் பிரேக்கைத் தானே பார்க்காதவனை அங்கே பாதி ஆளாகத்தான் மதிப்பார்கள்.

வோபே அங்கே முழு ஆள். கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்கிற அளவுக்கு முழு ஆள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் டாக்டர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை தரையில் குந்தியது அவன் மனைவி ஹிஸ்கே. வோபே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஆடும் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, வாயால் வேலை பார்த்தான்.

"இன்னைக்குள்ள கழட்டிடுவியா? மாடெல்லாம் சிரிக்குது."

"சிரிக்கட்டும். அதுங்களுக்காவது நீ பேசுறது புரியாது."

சக்கரத்தின் நடுவிலிருந்த கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்தாள். உள்ளே நட்டு கழலாமல் பிடித்திருக்கும் பின் துருவேறிக் கிடந்தது. வருடா வருடம் மாற்ற வேண்டிய பின் அது.

"வோபே, போன வருஷம் புதுப் பின் வாங்கிக் குடுத்தேனே?"

"போட்டேன். கடல் காத்து. துருப்பிடிச்சிருக்கும்."

"கொட்டகைக்குள்ள எங்கிருந்துய்யா வந்துச்சு கடல்?"

அவன் காபி குடிப்பதில் மும்முரமானான். ஹிஸ்கே பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, டிரம்மை இழுத்தாள். பேரிங்கில் கிரீஸ் காய்ந்த பாலாடைக்கட்டிபோல் இறுகியிருந்தது. பிரேக் ஷூ தேய்ந்து தகடு தெரிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். பிரேக் கேபிளை முறுக்கும் மரை கடைசிவரை ஏறியிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஷூ தேய்ந்தால் டிரம்மைத் திறந்து ஷூவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கினால் கைப்பிரேக் நன்றாகப் பிடிப்பதாகத் தோன்றும். மலை இறக்கத்தில் காலை வாரிவிடும். கொட்டகைக்கே இதைப் பாடம் எடுத்தவன் வோபே. போன இரண்டு வசந்தத்திலும் டார்ச் பிடிக்க வந்தவளை, டூவே பெண்டாட்டியோடு காபி குடித்துவிட்டு வா என்று விரட்டியவனும் அவனேதான்.

வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"அப்பவே கை ஆடுச்சா?"

வோபே பக்கத்து வண்டிக்காரர்களை ஓரக்கண்ணால் பார்த்தான். "மெதுவா பேசு."

"ஆடுச்சா?"

"பின்னைப் பிடுங்க முடியல, ஹிஸ்கே. இடுக்கி நழுவிக்கிட்டே இருந்துச்சு. இவனுங்க பாத்துடுவானுங்கன்னு மூடியைத் திருப்பி அடிச்சு வச்சுட்டேன்."

"போன கோடையில ஆல்ப்ஸ் மலையில எறங்கினோம். பேரப்புள்ளைங்க பின்சீட்ல இருந்துச்சுங்க. ஏதோ கருகுதேன்னு கேட்டேன். முன்னாடி போற லாரின்னு சொன்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நிமிடம் ஹிஸ்கேவுக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. கூடவே இரக்கமும் வந்து தொலைத்தது. அதற்காகவும் அவன்மேல்தான் எரிச்சல் வந்தது.

"வேற என்ன மறைச்சு வச்சிருக்க? இப்பவே சொல்லிடு. பின்னாடி தெரிஞ்சா இந்த வண்டியை வித்துடுவேன். உன்னோட எங்கயும் வரமாட்டேன்."

வோபே காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "வலது காலு. பிரேக்கை மிதிக்கணும்னு நெனைச்சா, கொஞ்சம் பொறுத்துத்தான் போகுது."

"இன்னைக்கு இங்க காரை நீதானே ஓட்டிட்டு வந்த!"

"அதான் மெதுவா வந்தேன்."

"நானும் நீ ஏதோ திருந்திட்டன்னு நெனைச்சேன்."

சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். புது ஷூவும் பின்னும் வாங்கி வந்தாள். பேரிங்கைக் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்கு இடையில் அழுத்தி ஏற்றினாள். அன்று முழுக்க வோபே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். "சக்கரத்தை முன்பக்கமா மட்டும் சுத்து. ஷூ உரசுற சத்தம் கேக்குதா? இப்ப ஷூவை ஒரு பல் தளர்த்து." அவளும் அப்படியே செய்தாள். கேபிளைக் கடைசியில்தான் தொட்டாள்.

மறுநாள் காலை கேரவனைக் காரில் பூட்டினார்கள். முற்றத்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும். ஹிஸ்கே இதுவரை கேரவன் இழுத்ததில்லை. வோபே பின்னால் போய், பழக்கத்தில் வலது கையைத் தூக்கினான். கண்ணாடியில் அந்தக் கை ஆடியது. வா என்கிறானா, நில் என்கிறானா? அவள் பிரேக்கை மிதித்துவிட்டு ஜன்னலை இறக்கினாள்.

பக்கத்து வண்டிகளில் ஸ்பேனரோடு குந்தியிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வோபே அவர்களைப் பார்த்தான். கையை இறக்கவில்லை.

"இந்தக் கையைப் பாத்து வராத, ஹிஸ்கே!" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "இது சும்மாவே ஆடும். எனக்குப் பார்க்கின்சன். நில்லுன்னா, வாயால நில்லுன்னு சொல்லுவேன்!"

யாரும் சிரிக்கவில்லை. டூவே ஓடிவந்து வழியில் கிடந்த வாளியை எடுத்து வைத்தான். ஹிஸ்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.