ஏழு வயது மாப்பிள்ளை

கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் ஷண்முகப்ரியாவின் குழுவில் இருக்கும் கிழட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் ஏழு வயதுதான். பல் கொட்டிய நாய்க்கும் ஏழு, கண்ணில் பூ விழுந்த நாய்க்கும் ஏழு, மாடிப்படி ஏற முடியாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நாய்க்கும் ஏழு. இதைப் பொய் என்று குழுவில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. தெருவில் விட்டுவிட்டுப் போன நாய்க்குப் பிறப்புச் சான்றிதழா வைத்திருக்கிறார்கள்? அடையாறில் இருந்து குழுவை நடத்தும் ரூபீனாதான் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவள்.

"விளம்பரத்துல எட்டுன்னு போட்டா ஒரு போன் வராது ப்ரியா. 'அய்யோ பாவம்'னு ஒரு அழுவுற பொம்மையைப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. ஏழுன்னா ரெண்டு பேராவது யோசிப்பாங்க. வீட்டுக்குள்ள போயிட்டா அப்புறம் யாரு வயசைப் பாக்கறா?"

மாப்பிள்ளைக்கு நிஜத்தில் பன்னிரண்டு இருக்கும். கோட்டூர்புரம் ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே, கழுத்தில் பட்டை இருந்த தடத்தோடு ப்ரியாவுக்குக் கிடைத்த லாப்ரடார் அது. டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு, பதினொன்றுக்குக் குறையாது, பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். பெயர் வைத்தது ப்ரியாவின் கணவன் முத்துகிருஷ்ணன். வந்த அன்றே கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, தட்டு தன்னிடம் வரட்டும் என்று அது காத்திருந்த தோரணைக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தவில்லை.

முத்துகிருஷ்ணன் நல்லவன். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். ஆறு வருடங்களில் ஒன்பது நாய்கள் வீட்டுக்கு வந்து, தங்கி, வேறு வீடு கிடைத்துப் போயிருக்கின்றன. ஒரு தடவைகூட அவன் முகம் சுளித்ததில்லை. ஆனால் இந்த முறை ஏரலில் இருந்த அவன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்து, வாக்கர் பிடித்து நடக்கும் நிலையில் சென்னைக்கு வருகிறாள். இருப்பதோ இரண்டு அறை. மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம், யார் நின்றாலும் அவர்கள் காலில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொள்வது. பாசம்தான். அந்தப் பாசம் ஒரு தடவை அந்த அம்மாள் மேல் சாய்ந்தால் போதும், மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

"அம்மா வர்றாங்கல்லா. நான் என்ன செய்ய, சொல்லு. இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு இடம் பாத்துரு," என்றான். நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ரூபீனா வீட்டில் ஏற்கெனவே ஐந்து. குழுவில் மற்றவர்கள் வீடுகளும் நிரம்பி வழிந்தன. மீதி இருந்தது ஊருக்கு வெளியே இருநூறு நாய்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு காப்பகம். ப்ரியா அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். இளம் நாய்கள் முட்டி மோதித் தின்றுவிடும். கிழங்கள் ஒரு மூலையில் படுத்தால் படுத்ததுதான். மாப்பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட அவளால் முடியாது.

ஆகவே அவளும் ஏழு என்றே போட்டாள். பழைய தடுப்பூசிப் புத்தகத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி, ஊசிகளை எல்லாம் தேதி வாரியாகப் பார்த்து எழுதி, வயது என்ற இடத்தில் தன் கையாலேயே ஏழு என்று எழுதினாள். பதினேழு நாள் ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டாம் நாள் மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்திலிருந்து ஜானு மாமி போன் செய்தாள்.

நாயைக் கொடுப்பதற்கு முன்னால் வளர்த்தவரே போய் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது குழுவின் சட்டம். ப்ரியா போனாள். முதல் மாடியில் சின்ன ஃப்ளாட். ரயில்வேயில் வண்டிகளின் நேர அட்டவணை போட்டே ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கன் மாமா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மாமி ப்ரியாவைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்காத்துல ஒரு நாய் இருந்தது. பதிமூணு வருஷம். அது போனப்புறம் ரெண்டு வருஷமா மனுஷர் மாடிப்படி இறங்கலை. பேப்பர் படிக்கறதில்லை. கேட்டா பதில் வரும், கேக்கலைன்னா அதுவும் இல்லை. இன்னொண்ணு வந்தா எழுந்து நடமாடுவரோன்னு பாக்கறேன். ஆனா ஒண்ணு. வயசான நாயா மட்டும் வேண்டாம்மா. இன்னொரு தடவை அதைப் பாக்கறதுக்கு அவருக்குத் தெம்பு கிடையாது."

மாமியாருக்கு எடுத்த ரயில் டிக்கெட் கண் முன்னால் வந்தது. காப்பகத்தின் ஈரத் தரை கண் முன்னால் வந்தது.

"ஏழுதான் மாமி," என்றாள்.

மறுநாளே மாப்பிள்ளை ஆட்டோவில் மயிலாப்பூர் போய் இறங்கியது. மாமா எழுந்து நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதன் வெளுத்த மூஞ்சியை உற்றுப் பார்த்தார். ப்ரியா முந்திக்கொண்டாள்.

"லாப்ரடாருக்குச் சீக்கிரம் நரைச்சுரும் மாமா."

"எனக்கும் நாப்பதுலயே நரைச்சுடுத்து," என்றார் மாமா. மாப்பிள்ளை அவர் காலில் சாய்ந்தது. அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அதன் தலையில் வைத்தார். "பேர் மாப்பிள்ளையா? பேஷ். ஜானு, எங்கே, ஆரத்தி கொண்டா." இரண்டு வருடங்களில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான் என்று மாமி பிறகு சொன்னாள்.

ப்ரியா கிளம்பும்போது மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இந்த ஜாதி பதிமூணு வரைக்கும் இருக்கும். இவனுக்கு ஏழு. ஆக ஆறு வருஷம். எனக்கு எழுபத்தொண்ணு. எழுபத்தேழு வரைக்கும் நான் நடந்தாகணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆட்டோவில் திரும்பும்போது அவளுக்கு அழுகையாக வந்தது. இடம் கிடைத்த சந்தோஷம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. தினமும் காலை ஆறரைக்கு மாமாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்துவிடும். குளத்துப் படிக்கட்டில் மாப்பிள்ளை, பூக்காரி பக்கத்தில் மாப்பிள்ளை, இளநீர் வண்டி நிழலில் மாப்பிள்ளை. மாமியாரின் வாக்கர் சத்தத்துக்கு நடுவே ப்ரியா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். கண் எப்படி இருக்கிறது, விலா எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். ரூபீனா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நம்பவும் தொடங்கிவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை புகைப்படம் வரவில்லை. பதினோரு மணிக்கு மாமி போன் செய்தாள். பின்னணியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தெருவில் நின்று பேசுகிறாள்.

"நாலு நாளா சாப்பிடலை. நேத்து டாக்டர்ட்ட போனோம். ரத்தம் எடுத்துப் பாத்தா ரெண்டு கிட்னியும் போயிடுத்தாம். ஒரு மாசம், மிஞ்சினா ஒன்றரை மாசம்னு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. அவர்ட்ட வயத்துக்கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆனா டாக்டர் வாய் தவறி அவர் எதிர்லயே, பன்னெண்டு வயசு நாய்க்கு இதெல்லாம் சகஜம்னுட்டா. இவருக்கு வந்துதே கோவம். ஏழுன்னு புஸ்தகத்துல எழுதியிருக்கு, உங்களுக்குப் பல்லு பாக்கத் தெரியலைன்னு சண்டை போட்டுட்டு வந்துட்டார்." மாமி நிறுத்தினாள். "நெஜமா எத்தனை ப்ரியா?"

"பன்னெண்டு மாமி."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். மாமி "ம்" என்று மட்டும் சொன்னாள்.

"நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன் மாமி. மாமா பாக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்." சொல்லும்போதே கூடத்தில் வாக்கர் நகர்ந்தது. எங்கே பார்த்துக்கொள்வாள்?

"எங்கேம்மா வெச்சுப்பே? அவர் விடவும் மாட்டார். அவன் பக்கத்துலயே பாயைப் போட்டுண்டு படுத்துண்டிருக்கார். நீ சாயங்காலம் வா. 'ப்ரியாவைக் கூப்பிடு, அவளுக்குத் தெரியும்'னு காலைலேர்ந்து ஒரே பாட்டு. வந்து ஏழுன்னே சொல்லிடு. ஆறு வருஷம்னு ஒரு கணக்கைப் பிடிச்சுண்டுதான் மனுஷர் எழுந்து நடந்துண்டிருக்கார். இருக்கற ஒரு மாசமாவது அது இருக்கட்டும்."

முதல் பொய்யை ப்ரியா ஒரு நாய்க்காகச் சொன்னாள். அதற்குக் குழு முழுக்கத் துணை இருந்தது. இதற்கு யார் துணை? உண்மையைச் சொல்லி, அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆட்டோவில் நினைத்தாள். கேட்டால் அவளுக்கு மனசு லேசாகும். அவருக்கு? கச்சேரி ரோடு நெரிசலில் ஆட்டோ அசையாமல் நின்ற இருபது நிமிடத்தில் அவளுக்கு ஒரு வழியும் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை பால்கனித் தரையில் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், வாலை மட்டும் இரண்டு தடவை தரையில் தட்டியது. இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மாமா பாயிலிருந்து கையூன்றி எழுந்தார்.

"வாம்மா. அந்த டாக்டர் என்னமோ உளர்றான். இவனுக்கு என்ன வயசு, நீயே சொல்லு."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மாமி நின்றாள். ப்ரியா அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஏழுதான் மாமா."

"அதானே." அவர் உடம்பே தளர்ந்து லேசானது. "நான் சொல்லலை? வயத்துல ஏதோ உபாதை. பத்து நாள்ல சரியாயிடும்." குனிந்து நாயின் காதைத் தடவினார். பிறகு அவளைப் பார்த்தார். "ஆனா நேத்து ராத்திரி ஒண்ணு தோணித்து. இவனுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. எனக்கு இருக்குன்னு யார் சொன்னா? நடுவுல நான் போயிட்டேன்னா ஜானுவால இவனைத் தனியாப் பாத்துக்க முடியாது. மறுபடியும் தெருவுக்குப் போயிடப்படாது. நீ எடுத்துக்கணும். உன் ஆத்துல இடம் இல்லைன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

வலது கையை நீட்டினார். "கையடிச்சுக் குடு."

அவள் மூன்று மாதத்துக்கு முன்னால் எந்த நாய்க்கு இடமில்லை என்று தவித்தாளோ அதே நாய். இப்போது எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் செய்யலாம், ஒன்றையும் நிறைவேற்ற வேண்டியிருக்காது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் நீட்டிய கையை இறக்கவில்லை.

"எடுத்துக்கிடுதேன் மாமா," என்று அடித்துக் கொடுத்தாள்.

"போறும். இனிமே எனக்குக் கவலை இல்லை," என்று மாமா பாயில் உட்கார்ந்தார். "ஜானு, ப்ரியாவுக்குக் காபி கொண்டா."

மாமி உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் வெகு நேரம் கேட்கவே இல்லை.