கூரைக் குழாய்களில் புகை

நகர மன்றத்தின் அறிவிப்பு உள்ளூர் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருந்தது. வீடுகளுக்குக் கழிவுநீர்க் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு கூடும். கடைகளுக்கு இரண்டு மடங்காகும். மார்லிஸ் பத்திரிகையைத் துணி மடிக்கும் மேசையில் விரித்துப் போட்டு இரண்டு தடவை படித்தாள். சுற்றிலும் இயந்திரங்கள் ஊரின் அழுக்கை உருட்டிக்கொண்டிருந்தன.

கிட்டர்மன் ஊரில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை அது ஒன்றுதான். ஆணிக்கடைக்காரனுக்குச் சாக்கடை என்றால் பின்கட்டில் இருக்கும் ஒரு கழிப்பறை. மார்லிஸுக்கு அதுதான் தொழில். கடைக்குள் வரும் தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகிறது. கட்டணம் இரட்டித்தால் துவைக்கும் காசை ஏற்ற வேண்டும். ஏற்றினால் இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அவளிடம் வருகிறவர்களில் முக்கால்வாசி அவர்கள்தான். ஏற்றாவிட்டால் குளிர்காலம் தாண்டாது. எப்படிப் பார்த்தாலும் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. விவாகரத்தில் கணவன் படகை எடுத்துக்கொண்டான், இவள் கடையை எடுத்துக்கொண்டாள். வேறொன்றும் கையில் இல்லை.

"மூடிருவீங்களா?" என்றாள் எல்வீரா. ஆலையில் எலும்பு நீக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். மாலைகளில் கடையைக் கூட்டித் துடைத்து, அதற்குப் பதிலாகத் தன் வீட்டுத் துணியைச் சும்மா துவைத்துக்கொள்வாள்.

"யாரு சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

"என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தான். நீ மூலையைத் துடை."

ஜூன் மாதம் நடந்த பொதுக் கூட்டத்துக்கு அவள் போனாள். நகர மன்றக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரியும்போது பேசலாம், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். மேயர் கெண்டல் நடுவில் உட்கார்ந்திருந்தான். பழைய டிராக்டர் விற்கிறவன், பள்ளியில் மார்லிஸின் வகுப்பு.

நகரம் அமர்த்தியிருந்த பொறியாளர் பெண் முதலில் எழுந்து விளக்கினாள். மழை பெய்தாலும் பனி உருகினாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மூன்று மடங்கு தண்ணீர் வந்து சேர்கிறது. நிலையம் திணறிப் பாதியை அப்படியே ஆற்றில் விடுகிறது. தாழ்வான தெருக்களில் நிலவறைக்குள் கழிவு பொங்குகிறது. மாநில அரசு கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டது. பெரிய நிலையம் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டண உயர்வு.

மார்லிஸின் முறை வந்தது. எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கத்தான் நினைத்திருந்தாள். வாய் வேறு வழியில் போனது.

"கெண்டல், என் மெஷின் மழைக்கா ஓடுது? வெயில் அடிச்சாலும் பனி கொட்டினாலும் அதே தண்ணிதான். மழை பெஞ்சா நீங்க யாராவது மூணு மடங்கு கக்கூஸ் போறீங்களா?"

கூடம் சிரித்தது.

"அப்ப அந்தத் தண்ணி எங்க இருந்து வருது? அதைச் சொல்லிட்டு என் கட்டணத்தை ஏத்து."

சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் எதிர்பார்த்தது கைதட்டலையோ கூச்சலையோதான். ஆண்கள் பலர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெண்டல் தொண்டையைச் செருமினான். மன்ற உறுப்பினரான பல் மருத்துவர் ராய்ஸ், பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றினார்.

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம்," என்றாள் பொறியாளர் பெண். "அடுத்த மாசம் குழாய்ல புகை விட்டுப் பார்ப்போம். ஓட்டையோ தப்பான இணைப்போ எங்க இருந்தாலும் அங்க புகை வெளிய வரும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்கு வீடு தாள் குடுப்போம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. மார்லிஸ் உட்கார்ந்தாள். ஆகஸ்டில் வாக்கெடுப்பு என்று அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

தாள் வந்தது. பயன்படுத்தாத தரைத் துவாரங்களில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் புகை உள்ளே வரும் என்று அதில் போட்டிருந்தது. மார்லிஸ் பாதி படித்துவிட்டுக் குப்பையில் போட்டாள். அந்த ஒரு மாதமாக அவள் எதையும் முழுதாகப் படிக்கவில்லை, முழுதாகச் சாப்பிடவுமில்லை. பழைய இயந்திரங்களை வாங்குகிற ஆள் ஒருவனிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள். அவன் சொன்ன விலையைக் கேட்டபிறகு ராத்திரித் தூக்கமும் போனது.

ஜூலை மாதத்து ஒரு காலை. எல்வீராவுக்கு விடுமுறை நாள், துணியோடு வந்திருந்தாள். பின்னறையில் இருந்து சாம்பல் நிறப் புகை தவழ்ந்து வந்தது.

"மார்லிஸ்! தீ! டிரையர் பக்கம் தீ!"

மார்லிஸ் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தீ இல்லை. பழைய தரைத் துவாரத்தில் இருந்து புகை கொதிக்கும் கெட்டில் போலக் கிளம்பிக்கொண்டிருந்தது. குப்பையில் போட்ட தாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை அதில் கவிழ்த்தாள். புகை நின்றது. எல்வீரா அதற்குள் ஈரத் துணிகளை வாரி அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள்.

"இங்க வாங்க," என்று வெளியே இருந்து கத்தினாள். "சீக்கிரம் வாங்க, இதைப் பாருங்க!"

மார்லிஸ் வெளியே வந்தாள். தெருமுனையில் மேன்ஹோல் மூடியைத் திறந்து, அதன் மேல் பெரிய மின்விசிறியை உட்கார வைத்துப் புகையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூரைகளின் மேல் இருக்கும் சாக்கடைக் காற்றுக் குழாய்களில் புகை வந்தது. அது முறைதான். ஆனால் கூரை ஓரத்துத் தகரக் கால்வாய்களிலும் புகை வந்தது. மழைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் புகை ஏறி வந்தது. லூத்தரன் தேவாலயத்தின் நான்கு மூலையிலும் வந்தது. நகர மன்றக் கட்டடத்தில் வந்தது. மேட்டுத் தெரு முழுக்க, வீடு தவறாமல், கூரையைச் சுற்றிப் புகை பூத்து நின்றது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துபோயிற்று. ஊர்க் கூரைகள் அத்தனையும் திருட்டுத்தனமாகச் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

அதற்குக் காரணம் இருந்தது. நடைபாதையில் பனிக்கட்டி உறைந்து யாராவது வழுக்கி விழுந்தால் அந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்பது ஊர்ச் சட்டம். பல வருடங்களுக்கு முன் பியானோ ஆசிரியை ஒருத்தி பல் மருத்துவர் ராய்ஸின் வாசலில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். வழக்குப் போட்டு ஜெயித்தாள். கூரையில் இருந்து சொட்டி உறைந்த தண்ணீர்தான் காரணம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த இலையுதிர்காலத்தில் ஊரில் ஒவ்வொருத்தனும் நிலவறையில் இறங்கி, கூரைக் குழாயைச் சாக்கடைக் குழாயோடு இணைத்துவிட்டான். சட்டப்படி குற்றம். அதனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே துளைக்கருவி கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றியது. எதற்கு என்று கேட்பது இங்கே நாகரிகமில்லை. ஒவ்வொருத்தனும் தான் ஒருத்தன்தான் இந்த வேலை செய்தவன் என்றும், ஒரு கூரைத் தண்ணீரால் என்ன கெட்டுவிடும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் திரும்பித் தன் கடையின் கூரையைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குக் குழாய் போட்டது அவள் கணவன். அவன் என்னவெல்லாம் செய்திருப்பான் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது. தகரக் கால்வாயில் புகை இல்லை. கூரைக் குழாய் இறங்கும் வழியே போய்ப் பார்த்தாள். அது சாக்கடைக்குப் போகாமல் சந்துக்குள் திறந்த வாயோடு முடிந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே உறையும் பனிக்கட்டியைக் கடப்பாறையால் உடைத்து உடைத்து அவள் தோள் தேய்ந்திருந்தது. சோம்பேறியைக் கட்டிக்கொண்டதற்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள்.

எதிர்ச்சாரியில் மதுக்கடை டெல்மர் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கூரையும் புகைந்தது.

"என்ன டெல்மர், ரோம்ல மாதிரி கூரையில புகை விடுறே, புதுப் போப்பைத் தேர்ந்தெடுத்தாச்சா?" என்றாள் மார்லிஸ்.

"வாயை மூடு."

"உனக்கும் கட்டணம் இரட்டிப்புதானே? நீயே குழியை வெட்டிட்டு, கட்டணம் ஏறுதுன்னு நீயே கத்தினியாடா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மட்டும்தான்னு நினைச்சேன்." அவன் மேட்டுத் தெருப் பக்கம் கையைக் காட்டினான். "அங்க பாரு, கெண்டல் வீடு. ரயில் எஞ்சின் மாதிரி."

மேயர் தன் புல்வெளியில் தனியாக நின்றுகொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் அவனைப் பார்த்தார்கள், அவன் அவர்களைப் பார்த்தான். யாரும் கை அசைக்கவில்லை. கிட்டர்மனில் கை அசைக்காமல் இருப்பது நடக்காத காரியம்.

ஆகஸ்டுக் கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. மார்லிஸ் கடைசி வரிசையில் எல்வீராவோடு உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் பெண் சுருக்கமாகச் சொன்னாள். கூரைக் குழாய்களை எல்லாம் சாக்கடையில் இருந்து வெட்டிவிட்டால் இருக்கிற நிலையமே போதும், பழுது பார்த்தால் சரியாகிவிடும். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மாதிரி சின்ன உயர்வு. முதல் பனிக்கு முன்னால் வெட்டாதவர்களுக்கு அபராதம்.

மார்லிஸ் மூச்சு விடப் போனாள். அதற்குள் ராய்ஸ் கையைத் தூக்கினார்.

"வெட்டுனா மறுபடியும் வாசல்ல பனிக்கட்டிதான், மறுபடியும் வழக்குதான். எதுக்கு அந்தத் தலைவலி? பழைய திட்டப்படியே பெரிய நிலையம் கட்டுவோம். வீடுகளுக்கு வேணும்னா ஏத்த வேண்டாம். கடைங்க தாங்கும்."

ஆமோதிப்பது போல ஒரு முனகல் எழுந்தது. வீடு உள்ளவர்கள்தானே அதிகம். மன்றத்தில் ஐந்து பேர். முதலில் ராய்ஸின் திருத்தத்துக்கு வாக்கெடுத்தார்கள். ராய்ஸ் ஆம். அடுத்தவர் ஆம். பிறகு இரண்டு பேர் இல்லை என்றார்கள். கெண்டல் மிச்சம். அவன் நெற்றியைத் தேய்த்தான். கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவேயில்லை.

"என் வீட்டுக் கூரையில புகை வந்ததை ஊரே வேடிக்கை பார்த்துச்சு," என்றான். "அந்தத் தண்ணிக்கு இன்னொருத்தரைக் காசு கட்டச் சொல்லிட்டு நாளைக்கு நான் எப்படிக் கடைத்தெருவுல நடக்கிறது? இல்லை."

"மேயர் இல்லைன்னு பதிவு பண்ணவா?" என்றாள் எழுத்தர்.

"ஆமா, இல்லை." இருமினான். "தப்பை எல்லாரும் சேர்ந்து செஞ்சோம், சேர்ந்தே வெட்டுவோம்."

"எங்க சேர்ந்து செஞ்சோம்?" என்று சுவரோரம் இருந்து டெல்மர் கத்தினான். "சேர்ந்து செஞ்சிருந்தா பீராவது குடிச்சிருப்போம்!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சின்ன உயர்வுக்கான வாக்கெடுப்பும் முடிந்தது. ராய்ஸ் உட்பட ஐந்து பேரும் ஆம்.

மார்லிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்வீரா குனிந்து, "முடிஞ்சுதா? கடை இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

"மூஞ்சி இன்னும் அப்படியேதான் இருக்கு."

"அது மாறாது. விடு."

இருவரும் டெல்மரின் கடைக்குப் போனார்கள். வறுத்த பன்றி இறைச்சி சான்ட்விச் வந்தது. ரொட்டி நடுவில் இருக்க, இறைச்சி நாலாபுறமும் தட்டுவரை தொங்கியது. மார்லிஸ் ஓரத்தில் தொங்கியதைக் கடித்துக் கடித்து ரொட்டி வரை போனாள். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. எத்தனை நாளாகப் பசி என்று அப்போதுதான் உடம்பு சொன்னது. எல்வீரா தன்னுடையதில் பாதியைக் கொடுக்க, அதையும் தின்றாள்.

"எனக்கு வெட்டுற செலவு, உனக்குக் கொண்டாட்டம்," என்றான் டெல்மர். "குளிர்காலத்துல என் வாசல்ல எவனாவது விழுந்தா என்ன பண்றது?"

"உப்பு போடு. கடப்பாறை எடு. நான் பண்ணல?"

"இன்னொண்ணு கொண்டு வரவா?"

மார்லிஸ் வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"கொண்டு வா," என்றாள். "வெங்காயம் ஜாஸ்தி போடு."