செண்பகவல்லிக்கு வந்த அம்மை

அறுபத்தேழில் பம்பாயில் அம்மை போட்டு ஆட்டியது. தாராவியில் தெருவுக்கு நாலு வாசலில் வேப்பிலை தொங்கியது. அந்த வாசல்களை எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிக் கடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் செண்பகவல்லிக்கு அந்த யோசனை உதித்தது.

அவளைப் பிடித்த பீடை அம்மை அல்ல, சுயம்பு. புருஷன் பூலோகத்துக்குச் சித்தப்பா மகன். வேலை தேடி வந்தவன், நாலு நாள் என்று சொல்லி நாலு மாதமாக, கோலி என்று பம்பாயில் சொல்லும் அந்த ஒற்றை அறைக்கு நடுவில் காலை நீட்டிக் கிடந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பத்தடி அறையில் புருஷனோடு ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. பூலோகமோ, "சொந்தக்காரனை எப்படிப் போகச் சொல்ல?" என்று தலையைச் சொறிந்துவிட்டுத் தோல் கிடங்கு வேலைக்குப் போய்விடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டுக் கழுத்துவரை போர்த்திப் படுத்தாள். பூலோகத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். அதையும் அவனைக் குழாயடிக்கு வரவழைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, ஆத்தா வந்திருக்கா. ஒட்டிக்கிடும். தேவ்நார்ல ஒங்க சேக்காளி வீட்டுக்குப் போயிருங்க."

சுயம்பு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "என்ன மதினி சொல்லுதிய! ஆத்தா வந்த வீட்டைவிட்டு மூணாம் தண்ணி ஊத்துத வரைக்கும் யாரும் போகப்படாதுல்லா? போனா அவ சும்மா விடுவாளா?"

போச்சு. அந்த முறை அவளுக்கு நினைவே வரவில்லை. எழுந்து உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அம்மை கண்டவள் வாயில் வருவது ஆத்தா வாக்கு, யாரும் தட்டக்கூடாது என்பது கொஞ்ச நேரத்தில் நினைவுக்கு வந்தது. பிறகென்ன, வெளுத்து வாங்கினாள்.

ஆத்தா கேட்டாள் என்று சுயம்பு விடியுமுன் குடத்தோடு குழாய் வரிசையில் நின்றான். கூழ் காய்ச்சினான், பாத்திரம் தேய்த்தான். மீன் கிடையாது, தாளிப்பு கிடையாது, பீடியும் கிடையாது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் தினம் ஒரு இளநீரை வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் கொழுந்தன் வேப்பிலையால் விசிற, செண்பகவல்லி பம்பாய் வந்த நாளாகக் காணாத தூக்கம் தூங்கினாள்.

"மூணாம் தண்ணி ஊத்துன கையோட கெளம்பிருவேன் மதினி, இடுப்பு விட்டுப்போச்சு" என்று ஒன்பதாம் நாள் அவன் முனகினான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் தலைமுழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு உள்ளே வந்தாள். அவள் பாயில் சுயம்பு கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான்.

"மதினி, ஆத்தா எம்மேல எறங்கிட்டா."

போர்வையை உருவினாள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கலே இருக்கு முத்து?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "ஒங்களுக்கு எங்க போட்டிருந்துச்சோ, அங்கனதான் மதினி."

வாசலில் கோமதியம்மாள் இளநீரோடு வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பல்லைக் கடித்தாள்.

"சரி தாயே, என்ன வேணும்?"

"குளுந்தாப்புல கொஞ்சம் கூழு" என்றாள் ஆத்தா.