பாலத்தடியில் ஒரு கயாக்

பிக்கப் வண்டியின் பின்தளத்தில் கட்டிக் கொண்டுவந்த கயாக்கில், இறக்குவதற்கு முன் பாலத்தைச் சோதிக்க வந்த பொறியாளரான அவள் எழுந்து நின்று பழகினாள். அந்த ஒல்லிப் படகு அசையவேயில்லை. ஆற்றில் இறக்கியதும் இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. ஏனென்று புரியவில்லை.

பாலத்தின் அடியிலுள்ள விரிசலை எழுந்து நின்றால்தான் அளக்க முடியும். அளவு சொல்லாமல் அதிகாரிகள் பாலத்தை மூட மாட்டார்கள். மேலே பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“வண்டியில ராணி மாதிரி நின்னே, தண்ணியில தவளையாட்டம் குதிக்கிறியே!” என்றான் கரையில் கயிறு பிடித்திருந்த தம்பி.

“நக்கல் போதும்டா. என்ன தப்பு பண்றேன்னு பாரு.”

“எழும்போது வலது கையை மட்டும் ஊனுறக்கா.”

அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த ஒருபக்க எடையை வண்டியின் தளம் தாங்கிக்கொண்டது, தண்ணீர் தாங்காது.

பாதங்களை அகட்டி, இரு கைகளையும் இரு விளிம்புகளில் ஒரே அழுத்தமாக ஊன்றி, முழங்காலை மடக்கியபடியே எழுந்தாள். கயாக் நடுங்கியது, கவிழவில்லை. தலைக்குமேல் இருந்த விரிசலுக்குள் அளவுகோல் பாதிக்குமேல் நுழைந்தது.

“பஸ்ஸை நிறுத்தச் சொல்லுடா!”

அவன் போனில் பேசி முடிக்கும்வரை, இரு கால்களிலும் சமமாக எடை வைத்து அவள் அப்படியே நின்றாள்.