ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டி

மூன்று நாள் லீவில் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள், இரண்டாம் நாள் சாயங்காலமே பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றார்கள். கேட்பவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் அந்தத் தாய் மாரெனைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் டென்மார்க்கில் குழந்தையைத் தள்ளுவண்டியில் கிடத்தி, கழுத்துவரை போர்த்தி, கடைக்கு வெளியே குளிர்காற்றில் தூங்கவிட்டுத்தான் உள்ளே போய்க் காபி குடிப்போம். மாரெனும் அப்படித் தூங்கி வளர்ந்தவள்தான். ஆர்ஹூஸ் நகரத்தில் அவள் தெரு பேக்கரி வாசலில் எப்போதும் ஐந்தாறு வண்டிகள் வரிசையாக நிற்கும். எதையும் யாரும் தொடமாட்டார்கள்.

அவளுடைய தள்ளுவண்டி நீல நிறம், அவ்வளவு பெரியது; ஆளுயரச் சக்கரம் ஒன்றுதான் பாக்கி. அதைக் காரில் ஏற்றுவதற்குள் புருஷன் யெப்பேவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

"இது வண்டியா, கப்பலா? மடக்கற வண்டி வாங்குன்னா கேக்கறியா?"

"ஆஸ்தாவுக்கு இதுலதான் தூக்கம் வரும். பேசாம ஏத்து."

ஆஸ்தாவுக்கு ஏழு மாதம். அன்று மத்தியானம் அவள் தூங்கிப்போனதும் யெப்பே மணிக்கோபுரத்தில் ஏறக் கிளம்பினான். முந்நூற்று அறுபத்தாறு படி. மாரென் வாய்க்கால் ஓரம் ஒரு காபிக்கடையைப் பார்த்து, வண்டியை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினாள். குழந்தை அழுதால் கேட்கும் பேபி மானிட்டரின் ஒரு பாதி குழந்தையின் தலைமாட்டில், மறுபாதி அவள் கோட்டுப் பையில். உள்ளே போய் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுற்றுலா பஸ் கும்பல் ஒன்று உள்ளே நுழைந்து, ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அவள் எழுந்து, ஆட்களை விலக்கி எட்டிப் பார்த்தபோது வண்டியைக் காணவில்லை.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஈரக் கல் பாவிய தெருதான் இருந்தது. பத்தடி தள்ளி வாய்க்கால். பிரேக்கை மிதித்தேனா? மிதித்திருப்பேன். மிதித்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கரைக் கல்லில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தாள். பாலத்தடியில் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. அது அன்னம். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று.

போனை எடுத்தாள்.

"யெப்பே! ஆஸ்தாவக் காணோம்டா!"

"என்ன ஒளர்ற?"

"வண்டியோட காணோம். நீ மேலதான இருக்க? கீழ பாரு! நம்ம கப்பல் எங்கயாவது தெரியுதா பாரு!"

கோபுரத்து உச்சியில் அவன் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவது போனில் கேட்டது. "இரு... சதுக்கத்துல இல்ல. இரு, இரு... தெரியுது! நம்மளோடதுதான். செவப்புத் தொப்பி போட்ட ஒரு பொம்பள தள்ளிட்டுப் போறா. வேகமாப் போறா!"

"எந்தப் பக்கம்?"

"நீ இப்ப நேரா..."

மணி நான்கு. அவன் தலைக்கு மேலே இருந்த நாற்பத்துச் சொச்சம் மணிகளும் ஒன்றுசேர்ந்து அடிக்க ஆரம்பித்தன. போனில் வெண்கல இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள்ளே யெப்பே கத்துவது புரிந்தது, என்ன கத்துகிறான் என்பது புரியவில்லை.

"கேக்கலடா! ஒண்ணுமே கேக்கல!"

அவளைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் முகத்தை அண்ணாந்து, சிரித்தபடி அந்த இசையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் வாய்க்காலில் தள்ளிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் கோட்டுப் பை கரகரத்தது. ஆஸ்தாவின் அழுகை! மானிட்டருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறாள். மாரென் வலப்பக்கம் ஓடினாள், அழுகை தேய்ந்தது. ஐயோ என்று திரும்பி இடப்பக்கச் சந்தில் ஓடினாள், அழுகை தெளிந்தது. கூடவே ஒரு பெண்குரல், புரியாத பாஷையில் கொஞ்சியது. மாரென் மானிட்டரின் பேசும் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் அலறினாள்.

"நில்லுங்க! அது என் குழந்தை! உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், நில்லுங்க!"

பிறகு அந்தக் குரலும் ஆங்கிலத்துக்கு மாறியது. "ஓ, பிள்ளையத் தெருவுல போட்டுட்டுப் போன மகராசி நீதானா? போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குத்தான் வந்திருக்கேன். இந்தச் சந்து முனைதான். வா, வந்து அவங்ககிட்டயே சொல்லு."

சந்து முனையில் நின்ற சிவப்புத் தொப்பிக்காரிக்கு அறுபது வயதிருக்கும். ஆஸ்தாவைத் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். மாரென் கையை நீட்டினாள். அந்தப் பெண் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"குடுக்கறதா? கையத் தொட்டுப் பாரு, ஐஸ் மாதிரி இருக்கு. நான் கடைக்குப் போறப்பவும் அங்கதான் கெடந்துது, வர்றப்பவும் அங்கதான் கெடந்துது. உள்ள எட்டிப் பாத்தேன், ஒரே கும்பல். யாரைன்னு கேக்கறது?"

"எங்க ஊர்ல இப்படித்தான் விடுவோம். யாரும் எடுக்க மாட்டாங்க."

"எங்க ஊர்ல யாரும் விட மாட்டாங்க."

போலீஸ்காரர்கள் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் எங்கே, தகப்பன் எங்கே, எத்தனை நிமிஷம் தனியாக விட்டாய், இதற்கு முன்னாலும் விட்டதுண்டா என்று கேட்டார்கள். விட்டதுண்டு, தினமும் விடுவேன் என்று உண்மையைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். யெப்பே ஓடிவந்து பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி மடியில் ஆஸ்தா பசியில் வீறிட்டாள். இந்தப் பக்கம் மாரெனின் சட்டை பாலில் நனைந்துகொண்டிருந்தது. 'குடுத்துடுங்க, குடுத்துடுங்க' என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

கடைசியில் கொடுத்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரி அதுவரை வாசல் பெஞ்சிலேயே காத்திருந்தாள். "நான் திருடியில்லம்மா" என்றாள். மாரென் அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து, ஆஸ்தாவை மார்போடு கட்டிக்கொண்டு மாரென் ரொட்டி வாங்கப் போனாள். பேக்கரி வாசலில் ஐந்து வண்டிகள். உள்ளே அம்மாக்களின் சிரிப்பு. மூன்றாவது வண்டியில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவள் நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. குழந்தையின் கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

எதிர்வீட்டு யோருன் வெளியே ஓடி வந்தபோது, மாரெனின் கோட்டுக்குள் ஒன்றுக்கு இரண்டு தலைகள் தெரிந்தன.

"மாரென்! என்ன பண்ற? எம்புள்ளையக் குடு."

மாரென் தோளைத் திருப்பிக்கொண்டாள்.